நூலால் ஓர் உலகப்படம்

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் நைல் நதி எங்கே பாய்கிறது என்று வினவினால் உடனே விடை கூறுவர். தம் வீட்டுத் தறியில் ஓடும் நூலின் பஞ்சு எங்கே விளைந்தது என்றாலோ விழிப்பர். பாடம் வேறு, தொழில் வேறு எனப் பிரிந்து நிற்பதால், பெற்றோரின் தொழிலுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் பிஞ்சு நெஞ்சில் பதிகின்றது. கைத்தொழில் வாயிலாகக் கல்வி புகட்டுதல் வேண்டும் என்று 1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் கூடிய வார்தா மாநாடு வற்புறுத்தியதும் இக்குறையை எண்ணியே ஆகும்.

இதற்கு எளிய வழி ஒன்றை நாம் கூற விரும்புகிறோம். இரண்டு மீட்டர் நீளக் காடாத் துணியை விரித்து, பள்ளித் தேசப்படத்தைப் பார்த்துக் கண்டங்களைக் கரியால் வரையச் செய்க. கரையோரம் முழுவதும் கழிவு நூலைப் பசையிட்டு ஒட்டச் செய்க. பின்னர்க் கோவைப் பகுதியிலும், நைல் பள்ளத்தாக்கிலும், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலும் பஞ்சை ஒட்டலாம். கங்கைக் கழிமுகத்தில் சணல் நார், ஆஸ்திரேலியாவில் கம்பளி, சீனத்தில் பட்டுக்கூடு என இடத்துக்கேற்பப் பொருள் அமையும். ஒட்டும்போதே வினாக்கள் பிறக்கும். சணலுக்கு நல்ல மழையும், நார் பிரிய ஊறவைக்க நீர்நிலையும் வேண்டும். பருத்திக்கோ காய் வெடிக்குங்கால் வெயில் வேண்டும். இதனை உழவரான உறுப்பினரே வந்து விளக்கலாம்.

அடுத்து, துணி சென்ற வழியைக் காட்டுக. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட துணியை, நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் விரும்பி வாங்கி, அதன் இழைகளை வெட்டி உருவிப் புதுக்கோலம் செய்தனர். சென்னையிலிருந்து அவ்விடம் வரை வண்ண நூலைக் கட்டி அளந்தால் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வரும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். துணியின் நீளம் 200 சென்டிமீட்டர். ஆகவே நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் 200 கிலோமீட்டராகும். தொலைவு 8,000 கிலோமீட்டர் எனப் பிள்ளைகளே கணக்கிடுவர்.

இப்படம் பெரியோர்க்கும் பாடமாகும். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. இந்தியப் பஞ்சின் விலை ஏறிற்று. ஏற்றத்தை நம்பி உழவர் பலர் கடன்பட்டனர். 1865இல் போர் ஓய்ந்ததும் விலை சரிந்தது. கடன் மட்டும் நின்றது. மிசிசிப்பிக் கரையையும் தம் ஊரையும் ஒரே நூலால் இணைத்த பிள்ளைகள், நாளை சங்க உறுப்பினராகி நூல் விலை பற்றி முடிவு செய்யுங்கால் இதனை மறவார்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுச் சங்கம் கண்ட முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். அச்சங்கம் பின்னர்த் தன் உபரியில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. நமக்கு இங்கு வேண்டுவன ஒரு துண்டுத் துணியும், கழிவு நூலும், விடுமுறை நாளில் சங்கக் கட்டடத்தின் கூடமுமே. முடிந்த படத்தைச் சங்கச் சுவரில் மாட்டுவோமாக. பிள்ளைகள் தம் பெற்றோரை அழைத்து வந்து காட்டட்டும்.