உடைந்த கிளைடர் மீண்டும் பறக்க

இயந்திரம் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் வானூர்தியைக் கிளைடர் என்பர். அதன் சிறிய மாதிரிகளை வானொலி அலைகளின் மூலம் தரையிலிருந்தே இயக்குவது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. கையால் வீசிப் பறக்கவிடும் மாதிரிக் கிளைடர்களுக்கு உலகப் போட்டிகளும் நடைபெறுகின்றன. போட்டி விதிப்படி, அவற்றின் இறக்கையின் மொத்த நீளம் 1.5 மீட்டரையும் எடை 600 கிராமையும் தாண்டக் கூடாது. போட்டியாளர் இறக்கையின் நுனியைப் பிடித்து, வட்டு எறிபவரைப் போல் உடலைச் சுழற்றிக் கிளைடரை வானில் வீசுவார்.

இத்தனை மெல்லிய கிளைடர் அந்த வேகத்தைத் தாங்குவதற்குக் காரணம் கூட்டுப்பொருள் ஆகும். கண்ணாடி இழை அல்லது கார்பன் இழையால் நெய்த துணியில் எபோக்சி என்னும் பிசினைத் தோய்த்து இறுகச் செய்தால் கூட்டுப்பொருள் கிடைக்கும். இதில் இழைகள் விசையைத் தாங்குகின்றன; பிசின் அவற்றை இடம்பெயராமல் பிடித்துக்கொள்கிறது. மனிதர் ஏறிச் செல்லும் கிளைடர்களில், கண்ணாடி இழைக் கூட்டுப்பொருளால் கட்டப்பட்ட முதல் கிளைடர் ‘பீனிக்ஸ்’. அது 1957ஆம் ஆண்டு ஜெர்மனியில் பறந்தது.

மாதிரிக் கிளைடர் தரையில் மோதும்போது, இறக்கையிலிருந்து வால்வரை நீளும் மெல்லிய குழாய் முறிவதுண்டு. முறிந்த முனைகளைப் பசையால் ஒட்டிச் சாயம் பூசினால் அது புதியதுபோல் தோன்றும். ஆனால், அடுத்த முறை வீசும்போதே மீண்டும் முறியக்கூடும். ஏனெனில், முறிந்த இடத்தில் இழைகள் அறுந்துவிட்டன. விசையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குக் கொண்டுசெல்ல அங்குப் புதிய இழைகள் தேவை.

முதலில் சேதம் எதுவரை பரவியுள்ளது என்பதைக் கண்டறிய வேண்டும். கண்ணாடி இழை சிதைந்த இடம் வெண்மையாகத் தெரியும். கார்பன் இழையில் அவ்வாறு தெரியாது. ஆகவே, நாணயத்தால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பர். நல்ல பகுதி தெளிவாக ஒலிக்கும்; அடுக்குகள் பிரிந்த பகுதி மந்தமாக ஒலிக்கும்.

அடுத்து, முறிவின் இரு பக்கங்களிலும் சாயத்தை நீக்கி, உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவு நீளமாக இருந்தால் புதிய துணி ஒட்டிக்கொள்ளும் பரப்பு கூடும். விசையும் ஒரே இடத்தில் குவியாமல் பரவும். தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்கும் கண்ணுக்கும் தீங்கானது. பிசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். எனவே, முகக்கவசம், கண்ணாடி, கையுறை ஆகிய மூன்றையும் அணிவது கட்டாயம்.

பின்னர், குழாயின் உள்ளே பொருந்தும் சிறு துண்டு ஒன்றைச் செருகி இரு முனைகளையும் இணைக்க வேண்டும். அப்போது கிளைடரைப் பின்புறமிருந்து பார்த்து, வாலும் இறக்கையும் ஒன்றுக்கொன்று கோணாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பிசின் இறுகிய பிறகு கோணலைத் திருத்த இயலாது.

எபோக்சிப் பிசினையும் அதன் இறுக்கியையும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிலேயே கலக்க வேண்டும். விரைவாக இறுகட்டும் என்று இறுக்கியைக் கூட்டினால் பிசின் வலுவிழக்கும். துணியை முறிவின்மேல் சுற்றிப் பிசினில் நனைக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கைவிடச் சற்று அகலமாக இருப்பது நல்லது. மிகுதியான பிசின் வலுவைக் கூட்டாது, எடையைத்தான் கூட்டும். ஆதலால், அதை மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும்.

வால்பகுதியில் கூடும் எடை பெரிய சிக்கலை உண்டாக்கும். ஒரு கிளைடரின் சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 60 சென்டிமீட்டர் பின்னாலும், மூக்கு 20 சென்டிமீட்டர் முன்னாலும் இருப்பதாகக் கொள்வோம். வாலில் 10 கிராம் கூடினால், அதைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆக, 10 கிராம் கவனக்குறைவு 40 கிராம் சுமையாகிவிடும்.

மூக்குப் பகுதி உடைந்தால் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வானொலிக் கட்டளைகளைப் பெறும் கருவி பெரும்பாலும் அங்குதான் இருக்கும். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்துவதால் வானொலி அலைகளைத் தடுக்கும். அங்குக் கார்பன் துணியைச் சுற்றினால் கிளைடர் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். கண்ணாடி இழைத் துணியே அவ்விடத்திற்கு ஏற்றது.

பிசின் முழுமையாக இறுகிய பிறகு, சமநிலையைச் சரிபார்த்து, ஆளில்லாத திடலில் முதலில் மெதுவாக வீசிப் பார்க்க வேண்டும். இணைப்பில் விரிசலோ வளைவோ தென்படாவிட்டால் வீசும் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். வேகமாக வரும் கிளைடர் வானில் முறிந்தால் கீழே நிற்பவருக்குக் காயம் ஏற்படலாம். சாயத்திற்கு அடியில் மறைந்துவிடும் வேலையையும் முறையாகச் செய்ய வேண்டியதற்குக் காரணம் இதுவே.