மனச்சிதைவும் வேலை இழப்பும்: தொட்டிலிலிருந்து தொடங்கும் தடயங்கள்

காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அஞ்சுவது: ஸ்கிசோஃப்ரீனியா எனப்படும் மனச்சிதைவு நோய் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இவைதான். மருந்து சாப்பிட்டால் பலருக்கு இவை அடங்கிவிடுகின்றன. ஆனால், குரல்கள் அடங்கிய பிறகும் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்புவதில்லை. இந்நோய் உள்ளவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் மட்டுமே வேலையில் இருந்ததாக ஐரோப்பிய ஆய்வுகள் பல காட்டியுள்ளன. சோம்பலோ, மன உறுதிக் குறைவோ இதற்குக் காரணம் அல்ல. காரணங்களில் ஒரு பகுதி, நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, குழந்தைப் பருவத்திலேயே உருவாகத் தொடங்குகிறது.

எப்படித் தெரியவந்தது?

நோய் வந்த பிறகு, “சிறு வயதில் எப்படி இருந்தான்?” என்று பெற்றோரைக் கேட்டால் கிடைக்கும் பதிலை முழுமையாக நம்ப முடியாது. இன்றைய வேதனை அன்றைய நினைவுகளின் நிறத்தை மாற்றிவிடும். நோயைப் பற்றி யாருமே அறியாத காலத்தில் எழுதிவைத்த குறிப்புகள்தான் தேவை. அவை பின்லாந்தில் இருந்தன.

அந்நாட்டின் வடக்கே உள்ள ஓலு, லாப்லாந்து மாகாணங்களில் 1966ஆம் ஆண்டில் பிறக்கவிருந்த குழந்தைகளைத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பதிவு செய்யத் தொடங்கினார் மருத்துவர் பவுலா ராண்டகல்லியோ. குறைப்பிரசவத்துக்கும் எடைக்குறைவுக்கும் காரணம் கண்டறிவதே அவருடைய நோக்கம். உயிருடன் பிறந்த 12,058 குழந்தைகள் அந்தத் தொகுதியில் சேர்ந்தனர். தாய்-சேய் நல மையங்கள் குறித்துவைத்த வளர்ச்சி விவரங்களோடு, பின்னாளில் பள்ளி, மருத்துவமனை, ஓய்வூதியப் பதிவேடுகளும் இணைக்கப்பட்டன. ஒரு தலைமுறையின் வாழ்க்கையைக் கருவிலிருந்து நடுவயது வரை தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு அப்படிக் கிடைத்தது.

என்ன தெரிந்தது?

பின்னாளில் மனச்சிதைவு வந்தவர்களில் பலர், குழந்தையாக இருந்தபோது எழுந்து நிற்கவும் நடக்கவும் மற்றவர்களைவிடச் சற்றுத் தாமதமாகவே கற்றிருந்தனர். 14 வயதில் தம் வயதுக்குரிய வகுப்பில் இல்லாமல் பின்தங்கியிருந்தவர்களிடமும் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. 1946இல் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே சொன்னது. பின்னாளில் நோய்வாய்ப்பட்டவர்கள் சராசரியாக 1.2 மாதம் தாமதமாக நடந்திருந்தனர். சிறு வயதில் தனியாக விளையாடுவதையே அவர்கள் அதிகம் விரும்பினர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தாமதமாக நடக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. உலக அளவில் சுமார் 300 பேரில் ஒருவருக்குத்தான் இது இருக்கிறது. இந்தத் தடயங்களைக் கொண்டு எந்தக் குழந்தையின் எதிர்காலத்தையும் கணிக்க முடியாது. பெற்றோர் பதற வேண்டியதும் இல்லை.

வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முதல் தொடர்பு, மூளை வளர்ச்சி. கவனம், நினைவாற்றல், ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்யும் திறன் ஆகியவை மனச்சிதைவில் பாதிக்கப்படுகின்றன. ஆர்வமும் உற்சாகமும் வற்றிப்போவதும் இந்நோயின் அறிகுறியே. ஒருவர் வேலையில் நிலைப்பாரா என்பதைக் குரல் கேட்பதைவிட இவையே அதிகம் தீர்மானிக்கின்றன. இன்றைய மருந்துகள் இவற்றைப் பெரிதாக மாற்றுவதில்லை. சிறு வயதிலேயே வளர்ச்சியில் தடுமாற்றம் இருந்தவர்களிடம் இந்தக் குறைகள் கூடுதலாக இருக்கின்றன.

இரண்டாவது, நோய் வரும் வயது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள் இது வெளிப்படுகிறது. பெண்களுக்குச் சற்றுப் பிந்தி. பட்டம் வாங்கும், முதல் சம்பளம் வாங்கும் வயது அது. 32 வயதில் நோய்வாய்ப்படுபவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு தொழில் இருக்கும். தெரிந்த முதலாளி, பழகிய சக ஊழியர்கள் இருப்பார்கள். 18 வயதில் நோய்வாய்ப்படுபவருக்கு அவை எதுவுமே உருவாகியிருக்காது. நோய்க்கு முன் படித்த படிப்பும் பார்த்த வேலையும் பிற்கால வேலைவாய்ப்போடு நெருங்கிய தொடர்புடையவை என்பதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன.

மூன்றாவது, வளரும் சூழல். குழந்தைப் பருவத்தில் வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்களிடம் மனச்சிதைவு போன்ற மனநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2012இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அதே சூழல் படிப்பையும் பாதியில் நிறுத்திவிடக்கூடியது. நோயும் வறுமையும் கைகோக்கும்போது வேலைக்கான வழி இன்னும் குறுகிவிடுகிறது.

தாயின் குற்றமா?

இல்லை. தாயின் வளர்ப்பே மனச்சிதைவை உண்டாக்குகிறது என்ற கருத்து 1940களின் இறுதியிலிருந்து சில பத்தாண்டுகள் மேற்குலகில் செல்வாக்குடன் இருந்தது. அதற்குச் சான்று கிடைக்காமல் அது கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ தாய்மார் செய்யாத தவறுக்காகக் குற்றவுணர்வில் வெந்திருந்தனர். பரம்பரை, கருவில் நேர்ந்த பாதிப்பு, பிறப்புச் சிக்கல், சமூகச் சூழல் எனச் சிறு சிறு காரணங்கள் பல சேர்ந்தே இந்நோய் வருகிறது. வீட்டுக்குள் குற்றவாளியைத் தேடுவதில் பயன் இல்லை.

என்ன செய்யலாம்?

தொடக்கம் எப்படி இருந்தாலும் முடிவு மாறக்கூடியது. லண்டன், சூரிச், சோஃபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய மையங்களில், கடுமையான மனநோய் உள்ள 312 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான முறையில் முதலில் பயிற்சி, பிறகு வேலை. மற்றவர்களுக்கு நேரடியாக வெளியுலக வேலையே தேடித் தரப்பட்டது; வேலையில் சேர்ந்த பிறகும் உதவியாளர் ஒருவர் துணை நின்றார். முதல் பிரிவில் 28 சதவீதம் பேருக்கே வேலை கிடைத்தது. இரண்டாம் பிரிவில் 55 சதவீதம் பேருக்குக் கிடைத்தது.

பின்லாந்தில் நிரந்தர ஓய்வூதியத்துக்குப் பதிலாக, மறுவாழ்வுத் திட்டத்தோடு கூடிய தற்காலிக உதவித்தொகை தரும் ஏற்பாடும் உண்டு. பண உதவி நோயாளியின் உரிமை. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால், இருபது வயதில் தரப்படும் உதவி, “இனி உன்னால் வேலை செய்ய முடியாது” என்ற தீர்ப்பாக மாறிவிடக் கூடாது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் அங்கீகரிக்கிறது. அரசு வேலைகளில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில், குறிப்பிட்ட அளவு பாதிப்பு உள்ள மனநோயாளிகளுக்கும் பங்கு உண்டு. இதை அறியாத குடும்பங்களே அதிகம்.

பள்ளியில் பின்தங்கி ஒதுங்கும் பிள்ளையைத் திட்டாமல் கைகொடுப்பது, நோய் தெரிந்த உடனே சிகிச்சை தொடங்குவது, சிகிச்சைக் காலத்திலும் படிப்பு அறுந்துபோகாமல் காப்பது: இந்த மூன்றும் நம் கையில் இருப்பவை. மருத்துவரிடம், “எந்த மாத்திரை?” என்று கேட்கும் குடும்பம், அதே நாளில், “இவன் படிப்புக்கும் வேலைக்கும் என்ன வழி?” என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கும் விடை சொல்வது சிகிச்சையின் ஒரு பகுதிதான்.