ஆசை வேறு, எதிர்பார்ப்பு வேறு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது, “முதல் குரூப் கிடைக்குமா சார்?” என்பதுதான். பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடிக்கும், எதில் தடுமாறுகிறான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். “எங்க குடும்பத்துல ஒரு டாக்டர் வரணும் சார். நாங்க பட்ட கஷ்டம் இவன் படக்கூடாது” என்பார்கள். விசைத்தறியிலும் கட்டட வேலையிலும் நாள் முழுக்க நின்று உழைப்பவர்கள் அவர்கள். அந்தச் சொற்களைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் முடியாது. பிறகு நாம் என்னதான் சொல்வது? அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

இது பேராசை அல்ல

பெற்றோரின் ஆசையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 மட்டுமே. இந்த எண்ணுக்குப் பின்னால் மதிய உணவு தொடங்கி மிதிவண்டி வரை அரசின் திட்டங்கள் இருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டிய பெற்றோரும் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவரின் மகள் பட்டம் பெறுவது இந்த ஆசையால்தான். எனவே “உங்க பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது” என்ற வார்த்தை ஆசிரியர் வாயிலிருந்து வரவே கூடாது.

எந்த இடத்தில் சுமையாகிறது?

ஆசை எப்போது உதவுகிறது, எப்போது சுமையாகிறது என்பதை விளக்கும் ஓர் ஆய்வு உண்டு. முராயாமா, பெக்ருன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2002 முதல் 2007 வரை 3,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் கணித அடைவைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடம் இரண்டு செய்திகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். உங்கள் பிள்ளை எந்த அளவு மதிப்பெண் பெற வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? எந்த அளவு பெற முடியும் என்று நம்புகிறீர்கள்? முதலாவது ஆசை, இரண்டாவது எதிர்பார்ப்பு. பெற்றோரின் ஆசை உயர்ந்திருந்த இடங்களில் அடைவும் உயர்ந்தது. ஆனால் அந்த ஆசை அவர்களுடைய எதிர்பார்ப்பையே வெகுவாகத் தாண்டியபோது அடைவு குறைந்தது.

நம் வகுப்பறைக் கணக்கில் இதைப் பார்ப்போம். கணிதத்தில் 45 மதிப்பெண் பெற்ற மாணவி அடுத்த தேர்வில் 55 பெறுகிறாள். நமக்கு அது பத்து மதிப்பெண் முன்னேற்றம். வீட்டில் 95 வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கோ 40 மதிப்பெண் குறைவு. உழைத்து முன்னேறியும் தோல்வி என்றே கேட்கும் குழந்தை, மூன்றாவது முறை விடைத்தாளை மறைத்துவிடுகிறது. நான்காவது முறை தேர்வு நாளில் வயிற்றுவலி என்று விடுப்பு எடுக்கிறது.

தொடக்கநிலையிலும் இதே கதைதான். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் அரும்பு நிலையில் உள்ள குழந்தையின் தாய், “பக்கத்து வீட்டுப் பையன் இங்கிலீஷ்ல பேசறான் டீச்சர்” என்கிறார். தன் பெயரைத் தானே எழுதிய அன்று அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு, இந்த ஒப்பீட்டில் காணாமல் போகிறது.

எண்களை மறைக்க வேண்டாம்

மருத்துவப் படிப்பு பற்றிக் கேட்கும் பெற்றோரிடம் நான் எண்களை அப்படியே சொல்வேன். ஆண்டுதோறும் சுமார் ஏழரை லட்சம் மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். நம் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 5,000. அதாவது 150 பேருக்கு ஓர் இடம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதையும், அதற்கும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்வதில்லை. அந்த ஓர் இடத்துக்கு உரிய மாணவி நம் வகுப்பிலும் இருக்கலாம். அவளுக்கு வேண்டிய உதவியை முழுமையாகச் செய்ய வேண்டும். ஆனால் மீதி 149 பேரும் தோற்றவர்கள் அல்லர். அவர்களில்தான் நாளைய செவிலியர், மருந்தாளுநர், கணக்காளர், மின்பணியாளர், ஆசிரியர் எல்லாரும் இருக்கிறார்கள்.

ஊர் என்ன சொல்லும்?

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவனுக்கு வீட்டில் பழுதான மின்விசிறி, மிக்சியைப் பிரித்துச் சரிசெய்வதில் கை தேர்ந்திருந்தது. உயிரியல் வகுப்பில் மனம் ஒட்டவே இல்லை. அப்பா முதல் குரூப்தான் வேண்டும் என்றார். மூன்று முறை பேசிய பிறகுதான் உண்மையான தயக்கம் வெளிவந்தது: “பாலிடெக்னிக்னு சொன்னா சொந்தக்காரங்க மத்தியில மரியாதையா இருக்குமா சார்?”

அவருக்குத் தெரியாத சில வழிகளைச் சொன்னேன். பட்டயப் படிப்பு முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. எந்தக் கதவும் பதினைந்து வயதில் மூடிவிடுவதில்லை. ஒருவாறு சம்மதித்தார். அந்த மாணவர் இன்று ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறார். மேடையில் சொல்லக்கூடிய வெற்றிக் கதை அல்ல இது. ஆனால் தங்கையின் கல்லூரிச் செலவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

இன்று ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டமும், ஆண்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. இத்திட்டங்கள் பட்டயப் படிப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு என்பதைப் பல பெற்றோர் அறிந்திருப்பதில்லை.

ஆசை குறைவான இடங்களும் உண்டு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மகனுக்குக் கடன் வாங்கிப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பவர், அவனைவிட நன்றாகப் படிக்கும் மகளைப் பற்றி, “பன்னெண்டாவது முடிச்சா போதும்” என்கிறார். அங்கே நம் வேலை ஆசையைத் தூண்டுவது. ஆசிரியரின் எதிர்பார்ப்பே மாணவரின் அடைவைப் பாதிக்கக்கூடும் என்று ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968இல் எழுதியதை பி.எட். வகுப்பில் படித்திருக்கிறோம். முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர் என்பதற்காக ஒரு மாணவரைச் சிறிய இலக்கின் பக்கம் திருப்பிவிடுவது வழிகாட்டுதல் ஆகாது. வழிகாட்டுதல் அந்தக் குழந்தையின் விருப்பத்தையும் உழைப்பையும் பார்த்து அமைய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணில் தொடங்க வேண்டாம். குழந்தையின் குறிப்பேட்டைத் திறந்து, சென்ற பருவத்தில் செய்ய முடியாத எதை இப்போது செய்கிறது என்று முதலில் காட்டுவோம்.

2. “என்ன ஆசைப்படுகிறீர்கள்? அடுத்த தேர்வில் எவ்வளவு வரும் என்று நினைக்கிறீர்கள்?” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். அடுத்த இலக்கை இரண்டாவது பதிலுக்குச் சற்று மேலே வைப்போம். எட்டியதும் மீண்டும் உயர்த்தலாம்.

3. குழந்தையும் உடனிருந்து பேசட்டும். தன் விருப்பத்தைப் பெற்றோரிடம் தனியே சொல்லத் தயங்கும் பிள்ளைகள் ஆசிரியர் அருகில் இருந்தால் சொல்லிவிடுகிறார்கள்.

4. பொதுத்தேர்வில் மாநில அளவிலான தரவரிசை வெளியிடும் வழக்கம் 2017இலேயே நிறுத்தப்பட்டது. வகுப்பில் ‘முதல் மூன்று பேர்’ என்று வாசிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

5. முன்னாள் மாணவர்களை அழைக்கும்போது பொறியாளரோடு செவிலியரையும் மின்பணியாளரையும் சிறுகடை நடத்துபவரையும் அழைப்போம். அவர்கள் சொன்னால் பெற்றோர் நம்புவார்கள்.

6. பத்தாம் வகுப்பு முடியும்வரை காத்திருக்காமல் எட்டாம் வகுப்பிலேயே இந்த உரையாடலைத் தொடங்குவோம். என்.எம்.எம்.எஸ். தேர்வு பற்றிச் சொல்ல வரும் கூட்டமே நல்ல தொடக்கம்.

7. தூக்கமின்மை, தேர்வு நாள் தலைவலி, திடீர் மௌனம் ஆகியவற்றைக் கண்டால் பெற்றோரிடம் உடனே பேசுவோம். கல்வி உதவி மையத்தின் 14417 எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதி வைப்போம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமோ ஆணையோ தேவையில்லை. ஒரு பெற்றோருக்குப் பத்து நிமிடம் வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லாரிடமும் ஒரே நாளில் பேச முடியாது என்பது உண்மைதான். வாரத்துக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் பத்து வாரத்தில் முடியும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டின் ஆசையும் எதிர்பார்ப்பும் நமக்குத் தெரிந்திருக்கும்.