மூப்பிற் கபச்சுரப்பியும் சூலகமும்

உயிர்களின் உறுப்புக்கள் யாவும் ஒருங்கே மூப்படைவதில்லை. பாலூட்டிகள் பலவற்றிற் பெண்ணினத்தின் இனப்பெருக்க ஆற்றல், உடலின் ஏனைய ஆற்றல்கள் ஒடுங்குமுன்னரே ஒடுங்கிவிடுகின்றது. இதற்குக் காரணம் சூலகத்தின் தளர்ச்சியா, அதனை ஏவும் கபச்சுரப்பியின் தளர்ச்சியா, அன்றி இவ்விரண்டிற்கும் மேலான வேறொன்றன் தளர்ச்சியா? இவ்வினாவிற்கு விடைகாண அறிவியலார் பெரிதுந் துணைக்கொண்ட பிராணி எலியாகும்.

மூப்பை அறிதற்கு முதற்கண் இளமையின் இயல்பை அறிதல் வேண்டும். மூளையின் அடிப்பாகத்திலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி ஓர் ஓமோனைச் சுரந்து கபச்சுரப்பியை ஏவுகின்றது. கபச்சுரப்பி தன் ஓமோன்களாற் சூலகத்தை ஏவுகின்றது. சூலகத்தில் முட்டையைத் தாங்கும் புடைப்புகள் வளர்ந்து ஈஸ்திரசனைச் சுரக்கின்றன. ஈஸ்திரசன் மிகுந்தவிடத்து அது பரிவகக்கீழைத் தூண்ட, கபச்சுரப்பி லூற்றினாக்கும் ஓமோனைத் திடீரெனப் பெருக்கி வெளிவிடுகின்றது. அதன் பயனாக முட்டை வெளிப்படுகின்றது. வேட்கை வட்டம் எனப்படும் இந்நிகழ்ச்சி எலியில் 4 அல்லது 5 நாட்களில் முற்றுப்பெறும். லோங், எவன்சு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1922 ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதி வெளியிட்டனர்.

எலிக்கு ஏறத்தாழ ஓராண்டு நிரம்புங் காலத்தில் இவ்வட்டம் ஒழுங்கு குலைகின்றது. பின்னர்ப் பல எலிகள் இடையறா வேட்கை நிலையை எய்துகின்றன. அந்நிலையிற் புடைப்புகள் வளர்ந்து ஈஸ்திரசனைச் சுரப்பினும், முட்டை வெளிப்படுவதில்லை. அதன்பின் பொய்க்கருப்ப நிலையும், ஈற்றில் வேட்கையற்ற நிலையுந் தோன்றுதலுண்டு. இறுதி நிலையிற் கபச்சுரப்பி பருத்து, அதிற் கட்டிகள் காணப்படுதலும் உண்டு.

இவற்றைக் காண்போர், பழுது சூலகத்தின் கண்ணதே எனத் துணிதல் கூடும். ஆயின், உறுப்புக்களை மாற்றி நட்டுச் செய்த பரிசோதனைகள் வேறொன்றைப் புலப்படுத்தின. முதிய எலியின் சூலகத்தை, தன் சூலகம் அகற்றப்பட்ட இளைய எலியில் 1960களில் நட்டார் ஆசுகைம் என்னும் ஆராய்ச்சியாளர். வட்டம் மீண்டும் நிகழ்ந்தது. இளஞ் சூலகத்தை முதிய எலியில் நட்டபோதோ வட்டம் மீளவில்லை. 1973 இல் மைற்றீசு என்பாரும் அவர்தம் துணைவரும், நரம்புக் கடத்துபொருளைப் பெருக்கும் எல்-டோபா என்னும் மருந்தை இடையறா வேட்கை நிலையிலிருந்த முதிய எலிகளுக்குச் செலுத்த, அவற்றுள் வட்டம் மீண்டது. ஆகவே எலியில் முதன்மையான பழுது சூலகத்திலன்று, அதனை ஆளும் பரிவகக்கீழிலேயே என்பது பெறப்பட்டது.

இனி, ஆளும் உறுப்பைத் தளர்வித்தது யாது? இளமையிலேயே சூலகம் அகற்றப்பட்ட எலிகள் முதுமையில் இளஞ் சூலகத்தை ஏற்றபோது அவற்றில் வட்டம் நிகழ்ந்தது. அஃதாவது, நெடுங்காலஞ் சூலக ஓமோன்களுக்கு ஆட்படாத மூளை தன் திறனை இழந்திலது. சூலகம் ஏவலுக்கு அடங்கிய உறுப்பாயினும், வட்டந்தோறுந் தான் சுரந்த ஈஸ்திரசனால் தன்னை ஏவுவதனையே சிறிது சிறிதாகத் தளர்விக்கின்றது போலும்.

எனினும், எலியிற் கண்டதனை எல்லா உயிர்க்கும் ஏற்றிச் சொல்லுதல் பொருந்தாது. சுண்டெலியிற் பரிவகக்கீழின் தளர்ச்சியோடு புடைப்புகளின் குறைவுஞ் சேர்ந்தே வட்டத்தை நிறுத்துகின்றது. மகளிரிலோ, ஏறத்தாழ 50 ஆவது வயதிற் புடைப்புகள் பெரும்பாலும் அற்றுப்போதலே மாதவிடாய் நிற்றற்கு முதன்மையான காரணமாம். அக்காலத்திற் கபச்சுரப்பி ஓய்ந்துவிடுவதில்லை. சூலகத்தின் மறுமொழி கிடையாமையால் அது தன் ஓமோன்களை முன்னையினும் மிகுதியாகச் சுரக்கின்றது. எலிக்குப் பயன்பட்ட மருந்தை மகளிர்க்கும் பயன்படுமெனக் கொள்வோர் இவ்வேற்றுமையை மறத்தலாகாது. அற்றுப்போன புடைப்புகளை மூளைக்கு ஊட்டும் எம்மருந்தும் மீட்டுத் தராது. வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பினும் காரணம் வெவ்வேறாயிருத்தல் கூடும் என்பதே இவ்வாராய்ச்சி உணர்த்தும் உண்மையாகும்.