கல் சொல்லாத காரணம்

கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள், “சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?” என்று நம்மைக் கேட்பதுண்டு. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய கல்கி அதை முடிச்சாகவே விட்டுவிட்டார். தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயிலிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டோ சோமன், இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதைத்தான் கல் சொல்லவில்லை.

அந்த இடத்தில் கல்கி ஒரு பால்ய நட்பை வைத்தார். லயத்துப் பிள்ளைகளைப்போல ஒன்றாக விளையாடிய கரிகாலனையும் நந்தினியையும் அரண்மனை பிரித்துவிடுகிறது. பின்னொருநாள் அவள் கெஞ்சியும் கேளாமல் வீரபாண்டியன் தலையை அவன் வெட்டுகிறான். நண்பன் பார்த்திபேந்திரனிடம் மனம் திறந்தும் உறுத்தல் தீரவில்லை. கொலையாளி யார் என்பதைவிட இந்த உறுத்தலே கதையை இழுத்துச் செல்கிறது என்போம் நாம். கடம்பூர் மாளிகைக்கு நந்தினி அழைத்ததும், பாட்டன் மலையமான் தடுத்தும், கரிகாலன் புறப்பட்டுவிடுகிறான்.