நிலவில் உரல் இடிக்கும் முயல்

முழுநிலவில் தெரியும் கரும்பரப்புகள் உறைந்த எரிமலைக் குழம்புச் சமவெளிகள். கிழக்காசிய மக்களின் கண்ணுக்கு அவை நீண்ட காதுகளோடு உரல்முன் நிற்கும் முயல். முயலின் தலையாகக் காணப்படும் 'அமைதிக் கடல்' என்னும் சமவெளியில்தான் 1969-இல் அப்பல்லோ 11 இறங்கியது.

உரலில் இருப்பது என்ன என்பது நாட்டுக்கு நாடு மாறும். சீனத்தில் அது சாவா மருந்து. நிலவுத் தேவதை சாங்-ஏயின் துணை அந்த முயல். கொரியாவிலும் ஜப்பானிலும் அரிசிப் பலகாரம். வேகவைத்த ஒட்டரிசியை மரச் சுத்தியலால் இழுபடும்வரை இடித்துச் செய்யும் மோச்சி ஜப்பானியருடையது. முழுநிலவைக் குறிக்கும் 'மோச்சிசுக்கி' என்ற சொல் மோச்சி இடிப்பதைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிப்பதால் கதை அங்கே இன்னும் ஆழமாக வேரூன்றியது என்பார்கள்.

பசித்து வந்தவருக்கு உணவாகத் தன்னையே தீயில் இட்ட முயலின் உருவைத் தேவர் தலைவனான சக்கன் நிலவில் வரைந்தான் என்கிறது பௌத்த சச ஜாதகம். நிலவுக்குச் 'சசி' என்ற பெயரும் முயலைக் குறிக்கும் 'சச' என்ற சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் பௌத்தம் சீனத்துக்குப் போகுமுன்பே, அங்குள்ள மாவாங்டுய் கல்லறையின் பட்டுத்துணியில் நிலவோடு தேரையும் முயலும் தீட்டப்பட்டிருந்தன. கதை முழுவதையும் இந்தியாவிலிருந்து போனதாகக் கொள்ள முடியாது.

2013-இல் நிலவில் இறங்கிய சீன ஊர்திக்கு வைத்த பெயர் யூட்டு, அதாவது பச்சைமணிக்கல் முயல்.