பேக்கப் மென்பொருளுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம்?

2018 கடைசியில் என் மேக் கணினியை மொஹாவே பதிப்புக்கு மாற்றினேன். சில மாதம் கழித்து, கணினியில் மட்டும் சேமித்திருந்த ஓர் அஞ்சல் பெட்டியைத் தவறுதலாக அழித்துவிட்டேன். பெரிதாகக் கவலைப்படவில்லை. தினமும் இரவு 2 மணிக்கு வெளி வன்தட்டில் பேக்கப் எடுக்க நானே எழுதிய ஸ்கிரிப்ட் இருந்ததே! வன்தட்டைத் திறந்தால் படங்கள் இருக்கின்றன, கட்டுரைகள் இருக்கின்றன. மெயில் கோப்புறை மட்டும் மொஹாவேக்கு மாறிய நாளோடு நின்றுபோயிருந்தது. இடைப்பட்ட மாதங்களில் வந்த அஞ்சல்கள் எதுவும் இல்லை. கல்வெட்டு வாசிப்பில் எனக்கு இருந்த சந்தேகங்களுக்கு ஒரு பெரியவர் பொறுமையாக எழுதிய பதில்கள் அதில்தான் இருந்தன. அவர் இப்போது இல்லை.

என்ன நடந்தது? மொஹாவேயில் ஆப்பிள் ஒரு புதிய பூட்டு போட்டது. மெயில், மெசேஜஸ், சஃபாரி போன்றவற்றின் தரவுகளை வேறொரு நிரல் படிக்க வேண்டுமென்றால், 'முழு வட்டு அணுகல்' என்ற அனுமதியை நாம் அமைப்புகளில் போய்க் கொடுத்திருக்க வேண்டும். நான் டெர்மினலுக்கு அதைக் கொடுத்து, ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். சரியாக வேலை செய்தது. ஆனால் இரவில் அதை ஓட்டுவது டெர்மினல் அல்ல, கிரான். கிரானுக்கு அனுமதி இல்லை. இயங்குதளம் தினமும் மறுத்திருக்கிறது. ஸ்கிரிப்டும் தினமும் பிழைச் செய்தி கொடுத்திருக்கிறது. அந்தச் செய்திகளையெல்லாம் குப்பைக்கு அனுப்பும்படி எழுதி வைத்தவன் நான்தான்.

கோபத்தில் அன்று 'எதுக்கு இந்தப் பாதுகாப்பு?' என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. திருட்டு நிரல் என்ன செய்யும்? எல்லாக் கோப்புகளையும் திறந்து படித்து, வேறு இடத்துக்கு நகல் எடுக்கும். பேக்கப் நிரல் என்ன செய்யும்? அதேதான்! செயலை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க இயங்குதளத்தால் முடியாது. அதனால்தான் நம்மைக் கேட்கிறது.

இந்த இழுபறி மொஹாவேயில் தொடங்கியதும் இல்லை. 2015இல் வந்த எல் கேப்பிட்டன், ரூட் பயனர்கூட சிஸ்டம் கோப்புகளை மாற்ற முடியாதபடி செய்தது. 2019இல் கேட்டலினா, சிஸ்டத்தைப் படிக்க மட்டுமே முடிகிற தனிப் பகுதியில் வைத்தது. 2020இல் பிக் சர் அந்தப் பகுதிக்குக் கிரிப்டோ முத்திரையும் இட்டது. ஒவ்வொரு படியிலும் பேக்கப் மென்பொருள் எழுதுபவர்கள் திணறினார்கள். முன்பெல்லாம் முழு வட்டையும் நகலெடுத்து, அசல் செத்தால் நகலிலிருந்தே கணினியைக் கிளப்பலாம். முத்திரையிட்ட சிஸ்டத்தைக் கோப்பு கோப்பாக நகலெடுத்தால் அது கிளம்பாது. ஆப்பிளின் சொந்தக் கருவி வழியாகத்தான் நகலெடுக்க முடியும். எம்1 முதலான மேக்குகளில் உள் சேமிப்பகம் செத்துவிட்டால் வெளி வட்டிலிருந்தும் கிளப்ப முடியாது.

இது வசதிக்குறைவுதான். ஆனால் சிஸ்டத்தை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பெரியவரின் கடிதத்தை இறக்க முடியுமா? ஆக, நாம் காப்பாற்ற வேண்டியது நம் தரவைத்தான்.

சரி, அனுமதிப் பிரச்சினைக்கு என்ன வழி? சிஸ்டம் பாதுகாப்பையே அணைத்துவிடு என்பது ஒரு யோசனை. ஒரு மாலை நானும் அணைத்துப் பார்த்தேன். பேக்கப்புக்காகக் கதவைத் திறக்கப்போய், எல்லா நிரலுக்கும் திறந்துவிட்ட மாதிரி ஆகிறது. மறுநாளே திரும்பப் போட்டுவிட்டேன். கிரானுக்கு முழு அனுமதி கொடு என்பது இரண்டாவது யோசனை. கிரான் ஓட்டுகிற எல்லா வேலைக்கும் அந்த அதிகாரம் போய்விடும். என் பயனர் கணக்கில் நுழைந்த எந்த நிரலும் கிரான் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும், மெயிலைப் படித்துவிடும்.

கடைசியில் பேக்கப்பை மட்டும் செய்யும் தனிச் செயலி ஒன்றை அமைத்து, அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். அது ஓட்டும் ஸ்கிரிப்டையும், ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையையும் ரூட்டுக்குச் சொந்தமாக்கினேன். மற்ற நிரல்கள் அதில் கை வைக்க முடியாது. வேலை சரியாக முடியாவிட்டால் மறுநாள் காலை திரையில் எச்சரிக்கை வரும்.

நகல் இருக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். மொஹாவே அவ்வளவு காவல் காத்த மெயில், வெளி வன்தட்டுக்குப் போனதும் யாரும் படிக்கலாம் என்று கிடக்கிறது. எனவே அந்த வட்டையும் மறையாக்கம் செய்தேன். கடவுச்சொல் காகிதத்தில் எழுதி பீரோவில் இருக்கிறது. இன்னொன்று: 2017இல் விண்டோஸ் கணினிகளைத் தாக்கிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டியதோடு நிற்காமல் விண்டோஸ் எடுத்து வைத்திருந்த நிழல் நகல்களையும் அழித்தது. எப்போதும் செருகியே இருக்கும் வன்தட்டுக்கும் இதே ஆபத்து உண்டு. இப்போது இரண்டு வட்டுகள் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒன்றை மாற்றுகிறேன், மற்றது அலமாரியில்.

மாதம் ஒருமுறை, முந்தைய நாள் வந்த ஓர் அஞ்சலைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. மொஹாவேக்கு மாறிய மறுநாள் இதைச் செய்திருந்தால் அந்தக் கடிதங்கள் இன்றும் என்னிடம் இருக்கும். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். முக்கியமாக, இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள்.